வடக்கு மாட வீதியும் வர்ணக் கத்தியும்



மேடையின் இடப்புறத்தில் ஈஸலில் சாய்த்து வைத்திருக்கும் படத்தை, நீங்கள் உள்ளே வந்தபோதே பார்த்திருப்பீர்கள். கிட்ட நெருங்கிப் பார்த்த சிலர், காரை பெயர்ந்த பழஞ்சுவரைக் கண்டவர்கள் போல முகத்தைச் சற்றே சுளித்துக்கொண்டு நகர்ந்ததையும், இடம் கிடைக்காமல் கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தவர்கள் அங்கிருந்து திரும்பத் திரும்ப அதையே பார்த்துக்கொண்டிருந்ததையும் நான் கவனித்தேன். ஒரு பெரியவர் மட்டும் நேரே என்னிடம் வந்து, "மயிலாப்பூர் வடக்கு மாட வீதி என்று எழுதி ஒட்டியிருக்கிறீர்களே, இதில் வீதி எங்கே இருக்கிறது?" என்று கேட்டுவிட்டார். நியாயமான கேள்விதான். கூட்டம் தொடங்கும் நேரமாகிவிட்டபடியால் அப்போது பதில் சொல்ல முடியவில்லை. இனி நான் பேசப் போவதெல்லாம் அவருக்குச் சொல்லும் பதில் என்றே வைத்துக்கொள்ளலாம்.

படத்தின் விவரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்றடிக்கு இரண்டடி ஹார்ட்போர்டு. அதன்மேல் அக்ரிலிக் வர்ணம். பலகைக்கு முதலில் கொடுத்த அடிப்பூச்சைத் தவிர, தூரிகை என்ற வஸ்து இதில் எங்கும் படவில்லை. மற்றதெல்லாம் கத்தியின் காரியம். கத்தி என்றதும் காய்கறி நறுக்குகிற கத்தியை நினைத்துவிடக் கூடாது. சித்திரக்காரர்களின் பெட்டியில் இரண்டு வகைக் கத்திகள் உண்டு. ஒன்று நேராக, தட்டையாக, நுனி மழுங்கி இருக்கும். அது தட்டில் வர்ணங்களைக் குழைப்பதற்கானது. மற்றொன்று வெற்றிலையின் நுனிபோலக் கூர்ந்த மெல்லிய எஃகுத் தகடு. விரலால் அழுத்தினால் வில்லைப்போல் வளைந்து, விட்டால் நிமிர்ந்துகொள்ளும். தகட்டுக்கும் மரப்பிடிக்கும் நடுவில் அதன் கழுத்து ஒரு படி இறங்கி வளைந்திருப்பதால், கை வர்ணத்தில் தோயாமல் தகடு மட்டும் படத்தின்மேல் படியும். கடைக்காரர்கள் இரண்டையும் பாலெட் நைஃப் என்று ஒரே பெயரிட்டு விற்கிறார்கள். இன்றைக்கு நான் பேசப்போவது இரண்டாவதைப் பற்றி. அதை வர்ணக் கத்தி என்றே சொல்கிறேன்.

இந்தக் கத்தியை எப்படிப் பிடிப்பது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு சித்திர ஆசிரியர் என்று நீங்கள் எண்ணலாம். எனக்கு அந்தப் பாக்கியம் ஒரு கொத்தனாரிடமிருந்து வந்தது. ஓர் ஐப்பசி மழையில் எங்கள் வீட்டுச் சுற்றுச்சுவரின் பூச்சு பெயர்ந்து விழுந்துவிட, அதைச் சரிசெய்ய வந்தவர் பத்து நாள் எங்கள் வாசலில் வேலை செய்தார். கரணையால் சாந்தை அள்ளி, மணிக்கட்டை ஒரு சுழற்றுச் சுழற்றிச் சுவரில் எறிந்து, அதே கரணையின் அடிவயிற்றால் அதை மேல்நோக்கி ஒரே இழுப்பாக இழுத்து, ஈரம் சற்று இழுத்துக்கொண்டதும் மணியாசுக் கட்டையால் தேய்த்து அவர் மட்டம் செய்த அழகை, திண்ணையில் உட்கார்ந்து என் வேலையை மறந்து பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் அவர் என் மேஜைமேல் கிடந்த வர்ணக் கத்தியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எங்க கரணை போட்ட குட்டியாட்டம் இருக்குதுங்களே" என்றார். பிறகு நான் அதைக்கொண்டு வர்ணம் தடவுவதைச் சிறிது நேரம் நின்று பார்த்தார். "ரொம்பத் தடவாதீங்கய்யா. சாந்தைத் தடவிக்கிட்டே இருந்தா செத்துப்போயிடும்" என்று சொல்லிவிட்டுத் தம் வேலைக்குப் போய்விட்டார். அக்ரிலிக் வர்ணத்தைப் பற்றி அச்சில் வந்த பல நூல்களை அதற்குப் பின் நான் வாசித்திருக்கிறேன். இந்த ஒரு வாக்கியத்தைவிடப் பிரயோஜனமான உபதேசம் அவற்றில் அகப்படவில்லை.

ஐரோப்பியச் சித்திரக்காரர்கள் கத்தியைப் படத்தில் பிரயோகித்த வரலாறு புதியதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சு தேசத்தில் கூர்பே என்பவர் பாறைகளையும் கடலலைகளையும் கத்தியால் அப்பி எழுதினார். அவரைப் பார்த்துத் துணிவு கொண்ட இளைஞரான செசான், 1866-ஆம் ஆண்டை ஒட்டித் தம் தாய்மாமனைப் பலமுறை எதிரில் உட்காரவைத்து, ஒவ்வொரு முறையும் கத்தியால் வர்ணத்தைக் கனமாக இழுத்து உருவம் எழுதினார். நம் நாட்டவரான ரஸா, 1950-களில் பிரான்சில் வசித்தபோது எழுதிய கிராமக் காட்சிகளில், வீடுகளும் மாதாகோவில்களும் கனத்த வர்ணத் திட்டுக்களாக எழும்பி நிற்கின்றன. இவர்கள் எல்லோரும் உபயோகித்தது எண்ணெய் வர்ணம். அது நாட்கணக்கில் ஈரமாக இருக்கும். தவறு செய்தால் வழித்தெடுத்துவிட்டு மறுபடியும் தொடங்கலாம். தயங்குகிறவனிடம் அது மிகவும் தயவாக நடந்துகொள்ளும். அக்ரிலிக்குக்கு அந்தத் தயவு கிடையாது.

அக்ரிலிக்கின் ஜாதகத்தைச் சற்றுச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் அதில் தெருவுக்கும் ஒரு பங்கு உண்டு. மெக்ஸிகோ தேசத்தில் பொதுக் கட்டடங்களின் சுவர்களில் பெரும் சித்திரங்களை எழுதப் புகுந்தவர்கள், வெயிலையும் மழையையும் தாங்கி நிற்கிற வர்ணத்தைத் தேடி அலைந்தார்கள். அவர்களில் ஒருவரான சிக்கேரோஸ், 1936-ல் நியூயார்க்கில் ஒரு பரிசோதனைச் சாலை நடத்தி, மோட்டார் வண்டிகளுக்குப் பூசும் வர்ணத்தையெல்லாம் சித்திரத்துக்குக் கொண்டுவந்து பார்த்தார். ஆலைப் பொருள்களின்மேல் சித்திரக்காரர்களுக்கு உண்டான இந்த மோகம் வீண்போகவில்லை. 1955-ல் அமெரிக்காவில், தண்ணீரில் கரைத்துக்கொள்ளக்கூடிய அக்ரிலிக் வர்ணம் லிக்விடெக்ஸ் என்ற பெயரோடு சித்திரக்காரர்களுக்கென்றே விற்பனைக்கு வந்தது. அதன் உட்பொருள் எளியது. வர்ணத்தூள், அதைப் பற்றிக்கொள்ளும் பிசின், கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய உருண்டைகளாக நீரில் மிதந்துகொண்டிருக்கும். நீர் ஆவியாகப் போகப் போக அந்த உருண்டைகள் ஒன்றையொன்று நெருக்கி, ஒட்டி, இளகி, ஒரே ஏடாகிவிடுகின்றன. அப்படி ஆனபின் எத்தனை தண்ணீர் ஊற்றினாலும் அது மீண்டும் கரையாது.

இன்று நம் தெருக்களில் வீட்டு முகப்புகளுக்கு அடிக்கிறார்களே, எமல்ஷன் என்று, அதுவும் பெரும்பாலும் இதே குலத்தைச் சேர்ந்ததுதான். நம் பாட்டனார் காலத்தில் சுண்ணாம்பைக் கரைத்து, அதில் ஒரு சிட்டிகை நீலம் போட்டு, பொங்கலுக்கு முன் மட்டையால் அடித்த வெள்ளை போய்விட்டது. இப்போது மாம்பழ மஞ்சளும் ரோஜா நிறமும் கிளிப்பச்சையும் டப்பாவில் வந்து வீதியெல்லாம் நிறைந்துவிட்டன. ஆகவே, ஒரு தெருவை அக்ரிலிக் கொண்டு கத்தியால் எழுதுகிறவன் ஒரு விசித்திரமான நிலைமையில் நிற்கிறான். எந்தப் பொருளால் அந்தச் சுவர் பூசப்பட்டிருக்கிறதோ அதன் பங்காளிதான் அவன் தட்டில் இருக்கிறது. எந்தக் கருவியால் அந்தச் சுவர் எழுந்ததோ அதன் குட்டிதான் அவன் கையில் இருக்கிறது. மலையையும் நதியையும் தூரிகைக்கு விட்டுவிடலாம்; தெரு மட்டும் பிறப்பிலேயே கத்திக்கு உரியது என்பது என் அபிப்பிராயம். இதை மறுப்பவர்கள் இந்தச் சபையிலேயே இருப்பார்கள்; கூட்டம் முடிந்ததும் வைத்துக்கொள்ளலாம்.

அக்ரிலிக்கிடம் நான் பட்ட அவஸ்தைகளையும் மறைக்காமல் சொல்கிறேன். மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து வேலை செய்தால், தட்டில் பிதுக்கிய வர்ணம், நாம் இரண்டாவது வர்ணத்தைப் பிதுக்குவதற்குள் மேல்தோல் கட்டிவிடும். அந்தத் தோலைக் கத்தியால் இழுத்தால், பாலாடை கிழிந்து காபியில் மிதப்பதுபோல், துண்டு துண்டாகப் படத்தில் ஒட்டிக்கொள்ளும். ஈரத்துணியை மடித்து, அதன்மேல் ஈரம் கசியும் மெல்லிய காகிதத்தைப் பரப்பி, அதில் வர்ணத்தை வைத்துக்கொண்டு, இடையிடையே தண்ணீரைத் தெளித்துக்கொண்டால் அரைமணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். கனமாக அப்பியதைச் சீக்கிரம் உலர்த்தும் ஆசையில் ஒரு முறை மொட்டைமாடி வெயிலில் வைத்தேன். மேற்பரப்பு முந்திக்கொண்டு இறுகி, உள்ளே ஈரம் சிக்கிக்கொண்டதால், கோடைக் குளத்தின் தரைபோல மெல்லிய பிளவுகள் ஓடிவிட்டன. இன்னொரு முறை, உலர்ந்துவிட்டதென்று நம்பி, இரண்டு படங்களை முகத்தோடு முகம் சேர்த்துக் கட்டி, சித்திரை மாதத்தில் ஒரு வாடகைக் காரின் பின்னால் வைத்துக்கொண்டு போனேன். அந்தப் பிசின் சூட்டில் இளகும் சுபாவம் உடையது. இறக்கும்போது இரண்டும் ஆலிங்கனம் செய்துகொண்டிருந்தன. பிரித்தபோது ஒன்றின் ஆகாசம் மற்றதின் தரையோடு போய்விட்டது. இவற்றுக்கெல்லாம் மேலாக ஒன்று: ஈரத்தில் அந்தப் பிசின் பால்போல் வெளுத்திருப்பதால் வர்ணம் வெளிறித் தெரியும், உலர்ந்ததும் பிசின் தெளிந்து, வர்ணம் ஒரு படி கருத்துவிடும். ஆகையால் வேண்டிய நிறத்துக்கு ஒரு படி வெளிறக் குழைத்துவைக்கும் பழக்கம் கைக்கு வந்தாக வேண்டும்.

இனி வீதிக்கு வருவோம்.

மயிலை கபாலீசுவரர் கோவிலைச் சுற்றியுள்ள மாட வீதிகளில், வடக்கு மாட வீதிக்கு வருஷத்தில் சில வாரங்கள் தனியான ஒரு களை வந்துவிடுகிறது. நவராத்திரிக்கு முன்னால், வீதியோரமெங்கும் கொலுப் பொம்மைக் கடைகள் வந்து இறங்கும். பண்ருட்டியிலிருந்தும், மதுரைக்குப் பக்கத்திலுள்ள விளாச்சேரியிலிருந்தும், இன்னும் பல ஊர்களிலிருந்தும் வைக்கோலில் சுற்றி வந்த தசாவதாரமும், கல்யாண ஊர்வலமும், செட்டியார் தம்பதியும், வளைகாப்பும், கிரிக்கெட் ஆட்டமும், தரையில் விரித்த சாக்கின்மேல் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். தலைக்குமேல் சவுக்குக் கொம்புகளில் கட்டிய நீலத் தார்ப்பாய். இடையிடையே பூக்காரிகள், வாழைக்கன்று விற்பவர்கள், ஆட்டோக்கள், கையில் பட்டியலோடு பேரம் பேசுகிற மாமிகள், எல்லோருக்கும் குறுக்கே நிதானமாக நடக்கும் ஒரு பசு. வர்ணமயமான தெருக்காட்சி ஒன்று எழுத வேண்டுமென்று ஆசைப்படுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

அப்படி நினைத்துத்தான் நானும் கெட்டேன். முதல் மூன்று படங்களும் பாழ். வீதியில் எத்தனை நிறம் உண்டோ அத்தனையையும் டியூபிலிருந்து பிதுக்கி, பச்சையாக, கலப்பில்லாமல், கத்தியால் அள்ளி அள்ளி வைத்தேன். பார்ப்பதற்குக் கல்யாண மண்டபத்தின் வாசலில் வாடகைக்குக் கட்டிய சீரியல் விளக்குத் தோரணம்போல இருந்ததே தவிர, வீதியாக இல்லை. நிறங்கள் எல்லாம் இருந்தன. வெளிச்சம் மட்டும் இல்லை. எங்கே தப்பு என்று தெரியாமல், வர்ணப் பெட்டியை மூடிவைத்துவிட்டு, ஒரு புரட்டாசி முழுவதும் காலை ஏழரை மணிக்கு அந்த வீதியின் கிழக்குக் கோடியில் போய் நின்று, வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வீதி கிழக்கு மேற்காக ஓடுவது. புரட்டாசியில் சூரியன் ஏறக்குறைய நேர்கிழக்கில் உதித்து, சற்றே தெற்காகச் சாய்ந்து மேலேறுகிறபடியால், கிழக்குக் கோடியில் நின்று மேற்கே பார்ப்பவனுக்கு வெளிச்சம் முதுகுக்குப் பின்னாலிருந்து, இடது தோளை உராய்ந்துகொண்டு வரும். வடசிறகு வீடுகளின் முகப்பில் வெயில் சாய்வாகப் படும். தென்சிறகு முழுவதும் நிழலில் கிடக்கும். நிழலில் கிடக்கும் வெள்ளைச் சுவர் வெள்ளையாக இல்லை. ஆகாசத்தின் நீலத்தை வாங்கிக்கொண்டு, கத்தரிப்பூச் சாயலான ஒரு சாம்பல் நிறத்தில் இருக்கிறது. தார்ப்பாய்க்குக் கீழே இன்னும் பெரிய விநோதம். நீலச் சீலையின் வழியாக வடிந்து வருகிற வெளிச்சத்தில் முருகனின் சிவப்புப் பட்டு இருண்டு போகிறது, மஞ்சள் பச்சையடிக்கிறது, விநாயகரின் வெள்ளைத் தந்தத்தில் நீலம் பாய்கிறது. தார்ப்பாயின் ஓரத்தைத் தாண்டி வெயிலில் எடுத்து வைத்திருக்கும் ஒரே ஒரு முருகன் பொம்மை மட்டும், தன் சொந்த நிறத்தில் நிற்கிறது. வீதியின் தார்ச்சாலை, புழுதி, கூரை ஓடு, சைக்கிளின் துரு, சாக்கு, வைக்கோல், மூட்டை, மின்கம்பம், மனிதர்களின் தலைமுடி என்று ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே போனேன். கண்ணில் படும் பரப்பில் பாதிக்குமேல் சாம்பலும் மண்ணுமாகத்தான் இருந்தது. வர்ணமயமான வீதி என்று இத்தனை நாள் நான் நம்பியிருந்த வீதியின் பெரும்பகுதிக்கு, கடையில் எந்த டியூபிலும் கிடைக்காத நிறங்கள்.

சங்கீதம் கேட்டுப் பழகியவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். கச்சேரியில் தம்புராவை யாரும் கேட்க வருவதில்லை. ஆனால் அதை நிறுத்திவிட்டால் பாடகரின் சாரீரம் அந்தரத்தில் தொங்கும். சாம்பல் நிறங்கள் சித்திரத்தின் சுருதி. அவற்றின்மேல் வைத்த ஒரு சிறு சிவப்பு, நூறு சிவப்புகளின் நடுவே வைத்த பெரிய சிவப்பைவிட நன்றாகக் கேட்கும்.

இதை நிறத்தின் சாஸ்திரமாக வகுத்துச் சொன்னவர் ஒரு ரசாயன நிபுணர் என்பது ரஸமான விஷயம். பாரிஸ் நகரத்தில் கொப்லான் என்ற புகழ்பெற்ற திரைச்சீலை நெசவுச்சாலையில் சாயப் பகுதிக்கு அதிகாரியாக இருந்த ஷெவ்ரோல் என்பவரிடம், கறுப்புச் சாயம் சரியாக ஏறவில்லை என்று ஒரு புகார் வந்தது. அவர் அந்த நூலைப் பரீட்சித்துப் பார்த்தார், சாயத்தில் குற்றமில்லை. நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் வைத்து நெய்ததால் அந்தக் கறுப்பு பலஹீனமாகத் தோன்றியிருக்கிறது. பக்கத்திலுள்ள நிறத்தால் ஒரு நிறம் மாறித் தோன்றும் இந்த விதியை அவர் 1839-ல் விரிவான நூலாக வெளியிட்டார்; பிற்காலத்துப் பிரெஞ்சுச் சித்திரக்காரர்கள் பலர் அதைப் பாடமாகக் கொண்டார்கள்.

நமக்கு இதைக் கற்க பாரிஸ் வரை போக வேண்டிய அவசியமில்லை. பட்டு ஜவுளிக்கடைக்குப் போனால் போதும். மயில்கழுத்து நிறப் புடவையை விரல்களுக்கிடையே திருப்பிப் பாருங்கள். அந்த நிறத்தில் சாயம் தோய்த்த நூல் அதில் ஒன்றுகூட இல்லை. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். நீலமும் பச்சையும் கலக்காமல் பக்கத்தில் பக்கத்தில் கிடந்து, நம் கண்ணுக்குள் வந்து சேர்ந்துகொள்கின்றன. கத்தியின் தர்மமும் இதுவே. தூரிகை இரண்டு நிறங்களைக் குழப்பி ஒன்றாக்கிவிடும். கத்தி ஒன்றின்மேல் ஒன்றை ஏடாக வைத்துவிட்டு விலகிக்கொள்ளும். நிறங்களுக்குப் பெயர் வைப்பதிலும் நம் ஜவுளிக்கடைக்காரர்களுக்கு நிகர் இல்லை. வெங்காயச் சருகு, மாந்துளிர், அரக்கு, வாடாமல்லி, சங்கீத மேதையின் பெயரைத் தாங்கிய எம்.எஸ். நீலம்! வர்ண டியூப்களின் மேல் அச்சிட்டிருக்கும் பெயர்களைவிட இவை எனக்கு உதவியாக இருந்திருக்கின்றன. வெங்காயச் சருகு என்றால் அது ரோஜா நிறமா, பழுப்பா, சாம்பலா? மூன்றும்தான். அப்படிப்பட்ட நிறங்கள்தான் வீதியில் இருக்கின்றன.

நான்காவது படத்தை, அதாவது இதோ நிற்கும் இந்தப் படத்தைத் தொடங்கியபோது, என் பெட்டியில் ஐந்து டியூப்கள்தான் வைத்துக்கொண்டேன்: வெள்ளை, அல்ட்ராமரின் நீலம், பர்ன்ட் சியன்னா என்ற சுட்ட செம்மண், ஒரு மஞ்சள், ஒரு சிவப்பு. கறுப்பு இல்லை. அல்ட்ராமரினையும் சுட்ட செம்மண்ணையும் சேர்த்தால் ஆழ்ந்த இருள் கிடைக்கும். அதில் வெள்ளை விட்டால், நீலத்தைக் கூட்டியோ மண்ணைக் கூட்டியோ, மழை மேகத்திலிருந்து சாக்கு வரை எந்தச் சாம்பலையும் வரவழைக்கலாம். கறுப்பிலும் வெள்ளையிலும் செய்த சாம்பலோ, வெந்து தணிந்த அடுப்புச் சாம்பல்போல உயிரில்லாமல் கிடக்கும்.

பலகை முழுவதற்கும் முதலில் செம்மண் நிறம் பூசிக் காயவிட்டேன். கத்தி எப்போதும் இடைவெளி விட்டே போகும்; அந்த இடைவெளிகளில் வெள்ளைப் பலகை பல்லைக் காட்டினால் படம் நடுங்கும்; செம்மண் எட்டிப் பார்த்தால், அதுவே வீதியின் உஷ்ணமாகிவிடும். ஹார்ட்போர்டு எடுத்ததற்கும் காரணம் உண்டு. கட்டையில் இழுத்துக் கட்டிய கான்வாஸ் கத்தியின் அழுத்தத்துக்கு உள்வாங்கும். பின்னாலிருக்கும் சட்டம் கத்தியில் தட்டும். கரணைக்குச் சுவர் வேண்டும். பிறகு கரித்துண்டால் பத்துப் பதினைந்து கோடுகள். அதற்கு மேல் கோடு போட்டால் கை அதை நிரப்பத்தான் ஆசைப்படும்.

அதன்பின் முழுவதும் சாம்பல். தென்சிறகு நிழலை ஒரே பெரிய ஏடாக, பெரிய கத்தியால் மூன்று இழுப்பில் இழுத்தேன். சாலை, ஆகாசம், தார்ப்பாயின் அடிநிழல் ஆகியவையும் அப்படியே. இரண்டு நாட்கள் அந்தப் படம் மழைநாளின் வீதிபோல இருந்தது. வீட்டில் உள்ளவர்கள் எனக்கு உடம்பு சரியில்லையோ என்றுகூடச் சந்தேகித்தார்கள். அது நன்றாக உலர்ந்தபின், வெளிறிய மஞ்சளைக் கத்தியின் அடியில் மெல்லிசாகத் தடவிக்கொண்டு, அழுத்தாமல், வடசிறகுச் சுவர்களின்மேல் உராயவிட்டேன். அடியிலுள்ள மேடுகளில் மட்டும் மஞ்சள் பற்றிக்கொண்டு பள்ளங்களில் சாம்பல் தங்கிவிட, வருஷக்கணக்கில் வெயிலும் மழையும் தின்ற சுவர் தானாக வந்து நின்றது. தூரிகையால் அந்தச் சுவரை எழுத ஒரு வாரம் ஆகியிருக்கும். எழுதியிருந்தாலும் எழுதியது போலத்தான் இருந்திருக்கும். மின்கம்பிகளுக்குக் கத்தியின் விளிம்பை வர்ணத்தில் தொட்டு, பலகையில் ஒரு தரம் பதித்து எடுத்தால் தீர்ந்தது. வாசல் கோலத்தை, சாலை ஈரமாக இருந்தபோதே நுனியால் கீறிவைத்திருந்தேன்.

நிறங்கள் கடைசியில் வந்தன. பொம்மை ஒன்றுக்கு ஒரு கத்தி அளவு, சில பொம்மைகளுக்கு நுனி அளவுதான். ஒவ்வொரு முறையும் கத்தியைத் துணியில் துடைத்துவிட்டு, அடுத்த நிறத்தை எடுக்க வேண்டும். துடைக்க மறந்தால், அடுத்த நிறம் தலைவிரி கோலமாக வரும். இப்படித் துடைத்துத் துடைத்து வேலை செய்வதில் எதிர்பாராத ஒரு லாபம் இருக்கிறது. துடைக்கிற அந்தக் கணத்தில், இந்த நிறம் இங்கே அவசியந்தானா என்று மனம் கேட்டுக்கொள்கிறது. பாதிக்குப் பாதி, அவசியமில்லை என்றே பதில் வந்தது.

முகமே இல்லாத பொம்மைகளும் மனிதர்களும் எப்படி வீதியாவார்கள் என்று கேட்கலாம். 1878-ஆம் ஆண்டு ஜூன் 30-ந் தேதி பாரிஸ் நகரமே கொடிகளால் மூடப்பட்டிருந்த ஒரு விழாநாளில், மொனே என்பவர் மோன்தொர்கேய் தெருவை உயரமான ஓர் உப்பரிகையிலிருந்து பார்த்து எழுதினார். அதில் ஜனங்கள் என்று பார்த்தால், கீழே சிறு சிறு கருந்தீற்றல்கள். ஆனால் அந்தத் தீற்றல்கள் நெருக்கியடித்து நடப்பது நமக்குத் தெரிகிறது. அவருடைய சகாவான பிஸ்ஸாரோ, கண்நோய் காரணமாக வெளியே நின்று வேலை செய்ய முடியாமல், 1897-ல் ஒரு ஹோட்டல் அறையின் ஜன்னலருகே உட்கார்ந்து, மோன்மார்த்ர் சாலையைக் காலையில், மாலையில், பனியில், மழையில் என்று பதினான்கு தடவை எழுதினார். ஒன்று இரவுக் காட்சி. அவரும் ஒருவருக்கும் மூக்கு வைக்கவில்லை. அவர்கள் தூரிகையால் செய்த தியாகத்தைக் கத்தி நம்மிடம் வற்புறுத்தி வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

படம் முடிந்துவிட்டது என்று எண்ணிய அன்று, அதைத் தூக்கிக்கொண்டு வீதிக்கே போனேன். என் படத்தில் முன்னால் இருக்கிறதே, அந்தக் கடைக்குச் சொந்தக்காரியான அம்மாளிடம் காட்டினேன். பொம்மை செய்கிறவர்கள் கண்ணைக் கடைசியில்தான் எழுதுவார்கள். கண் திறக்காத பொம்மை முடிந்த பொம்மை ஆகாது. ஆகையால், "என்ன சார், ஒண்ணுக்கும் கண்ணு வைக்கலையே?" என்று கேட்பாள் என்று எதிர்பார்த்து, மொனேயையும் பிஸ்ஸாரோவையும் மனசுக்குள் தயாராக வைத்திருந்தேன். அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கிட்டத்தில் ஒரு நிமிஷம் பார்த்தாள், பிறகு தானாகவே எதிர்ச்சிறகு வரை போய் நின்றுகொண்டு, அங்கிருந்து உரத்த குரலில் சொன்னாள்: "எல்லாம் சரி சார், எங்க தார்ப்பாய் இவ்வளவு புதுசு இல்ல. மூணு வருசமா வெயில்ல கெடந்து காஞ்சது. நேத்துக் கடையில வாங்கினாப்ல போட்டிருக்கீங்களே!"

நிமிர்ந்து பார்த்தேன். வாஸ்தவம். தார்ப்பாய் வெளுத்து, புழுதி படிந்து, நீலம் என்று சொல்வதற்கே தயங்க வேண்டிய நிறத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு மாதம் எதிரே நின்று பார்த்தவனுக்கு, தார்ப்பாய் என்றால் நீலம் என்ற எண்ணம் கண்ணை மறைத்துவிட்டது. வீட்டுக்கு வந்து அல்ட்ராமரினில் சுட்ட செம்மண்ணையும் வெள்ளையையும் சேர்த்து, பழைய நீலத்தின்மேல் ஒரே இழுப்பு இழுத்தேன். ஓரங்களில் மட்டும் பழைய நீலம் கொஞ்சம் தங்கியது. அந்த நிமிஷம்வரை அடங்கிக் கிடந்த சிவப்பு, வெயிலில் எடுத்து வைத்த அந்த ஒற்றை முருகனின் சிவப்பு, மேலே எழுந்து வந்துவிட்டது. அதை நான் தொடவே இல்லை.

வீதி எங்கே என்று கேட்ட பெரியவர் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். கூட்டம் முடிந்ததும் அவர் பன்னிரண்டு அடி பின்னால் போய் நின்று ஒருமுறை பார்க்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். அங்கேயும் வீதி தெரியாவிட்டால் குற்றம் என்னுடையது. இந்தச் சபையிலுள்ள இளைஞர்களிடம் மட்டும் இன்னும் ஒரு விண்ணப்பம் உண்டு. நவராத்திரி, புரட்டாசி அமாவாசைக்கு மறுநாள் தொடங்குகிறது. அதற்கு முந்தின வாரத்தில் பொம்மைகள் எல்லாம் வந்து இறங்கியிருக்கும். காலை ஏழரை மணிக்குள் வடக்கு மாட வீதியின் கிழக்குக் கோடிக்கு வாருங்கள். ஒன்பதுக்கு மேல் கூட்டத்தில் நிற்க இடம் இராது. ஒரு ஹார்ட்போர்டு, ஒரு கத்தி, துடைக்கப் பழைய வேட்டித் துணி, தெளிக்கத் தண்ணீர் இருந்தால் போதும். கறுப்பு டியூபை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.